வாயில்லா ஜீவன் உண்ண மறுத்தால்...

அகிலங்களையெல்லாம் படைத்து, ஊர்வன பறப்பன அனைத்துக்கும் உணவளித்துக் காக்கும் அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். அகிலத்துக்கோர் அருட்கொடையாக வந்த நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

நம் வீடுகள் பலவற்றில் புறா வளர்ப்பது நெடுநாள் பழக்கம். மொட்டை மாடியில் ஒரு கூண்டு, காலையில் ஒரு பிடி கம்பு, மாலையில் ஒரு பிடி சோளம் என்று பிள்ளைகளின் பொழுதும் அதனோடு கழியும். முட்டைக்காகவும் குஞ்சுக்காகவும், மனத்துக்கு ஓர் ஆறுதலாகவும், கடிதம் கொண்டுசெல்லவும் புறா வளர்ப்பதில் தவறில்லை என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். பறக்கவிட்டு வீண் விளையாட்டில் மூழ்குவதையும், அதில் பந்தயம் கட்டுவதையும்தான் மார்க்கம் வெறுக்கிறது.

புறா வளர்க்கும் வீடுகளிலிருந்து நம்மிடம் வரும் கேள்வி ஒன்று உண்டு. “குஞ்சுப் புறா ஒன்று நோயில் விழுந்துவிட்டது. தீனியைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்கிறது. அதன் அலகைத் திறந்து புகட்டுவது பாவமா? புகட்டாமல் விட்டுவிடுவது பாவமா?”

இக்கேள்வி எழும் வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பும் சொல்லப்பட்டிருக்கும். “அதற்கு ரிஸ்கு முடிந்துவிட்டது, விடுங்கள்” என்பார் ஒருவர். “நோயாளியைச் சாப்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஹதீஸே இருக்கிறதே” என்பார் மற்றவர். “அறுத்துவிட்டால் அதற்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி” என்பார் மூன்றாமவர். குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் அழுதுகொண்டிருப்பது பிள்ளை மட்டுமே. இம்மூன்று சொற்களிலும் மார்க்கத்தின் சாயல் இருக்கிறது. ஆனால் மூன்றும் அவற்றுக்குரிய இடத்தில்தான் சொல்லப்படுகின்றனவா என்பதே நாம் ஆராய வேண்டியது.

பொறுப்பு எங்கே தொடங்குகிறது?

ஒரு பூனையின் காரணமாக நரகம் புகுந்த பெண்ணைப் பற்றி அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ளது. அவள் அதை அடிக்கவில்லை, நஞ்சு வைக்கவில்லை. கட்டிவைத்தாள். தானும் உணவளிக்கவில்லை, பூமியிலுள்ள பூச்சி புழுக்களைத் தானே தேடித் தின்ன அவிழ்த்தும் விடவில்லை. குற்றம் இவ்விரண்டும் சேர்ந்ததில் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஓர் உயிர் தன் உணவைத் தானே தேடும் வழியை நாம் அடைத்துவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து அதன் உணவு நம் கழுத்தில் ஏறிய கடனாகிவிடுகிறது. கூண்டின் கதவைச் சாத்துகிறவர் இதை அறிந்தே சாத்த வேண்டும்.

அந்தக் கடன் பிராணி நலமாக இருக்கும்வரை மட்டுந்தானா? ஸுல்தானுல் உலமா என்று போற்றப்படும் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் (வஃபாத் ஹிஜ்ரி 660) தமது ‘கவாயிதுல் அஹ்காம்’ என்னும் நூலில், மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை வரிசையாக எண்ணுகிறார்கள். அவற்றுள் முதலாவது, அதற்குத் தகுந்த உணவைச் செலவு செய்து கொடுப்பது. அது முடமாகிவிட்டாலும், நோயுற்று இனி எந்தப் பயனும் தராது என்றாகிவிட்டாலும் அந்த உரிமை நீங்குவதில்லை என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். பயன் போனதும் பொறுப்பும் போய்விட்டது என்பது கணக்குப் பார்க்கும் வியாபாரியின் பேச்சு. ஃபிக்ஹு அப்படிப் பேசவில்லை.

ரிஸ்கு முடிந்துவிட்டதா?

பூமியிலுள்ள எந்த உயிருக்கும் உணவளிப்பது தன் பொறுப்பென்று அல்லாஹ் தஆலா ஹூது அத்தியாயத்தின் 6-ஆம் வசனத்தில் அறிவிக்கின்றான். அதில் முஸ்லிமுக்கு ஐயமில்லை. ஆனால் அந்த ரிஸ்கு எந்த வழியாக வந்து சேரும் என்பதை நாம் சிந்திப்பதில்லை.

தவக்குல் பற்றிப் பேசும்போது பறவையின் உதாரணத்தைச் சொல்லாத பயான் இல்லை. காலையில் ஒட்டிய வயிற்றோடு புறப்பட்டு மாலையில் நிரம்பிய வயிற்றோடு திரும்பும் பறவையை உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் திர்மிதீ ஹதீஸில் காண்கிறோம். அந்தப் பறவை கூட்டிலேயே உட்கார்ந்திருக்கவில்லை, புறப்பட்டது. அப்படியானால், இறக்கை முளைக்காமல் கூட்டிலேயே கிடக்கும் குஞ்சின் கதி என்ன? புறப்பட்டுப் போனது இருக்கிறதே, அதன் வாய் வழியாகத்தான் குஞ்சின் ரிஸ்கு வருகிறது. தாயும் தந்தையும் இல்லாமல் போனால், அல்லது அவை ஊட்டுவதை நிறுத்திவிட்டால், அந்த ரிஸ்கு உங்கள் கை வழியாக வரவேண்டுமென்று எழுதப்பட்டிருக்கலாம் அல்லவா? நம் கை நீளும் முன்பே “முடிந்துவிட்டது” என்று சொல்ல, அல்லாஹ்வின் ஏட்டை நாம் படித்தவர்களா? உயிர் பிரிந்த பிறகே அச்சொல்லைச் சொல்ல நமக்கு உரிமையுண்டு.

கட்டாயப்படுத்த வேண்டாம் என்ற ஹதீஸ்

உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதீயிலும் இப்னு மாஜாவிலும் பதிவாகியுள்ளது. நோயாளிகளை உண்ணும்படியும் பருகும்படியும் வற்புறுத்த வேண்டாம். அவர்களுக்கு அல்லாஹ்வே உண்ணவும் பருகவும் அளிக்கிறான் என்பது அதன் கருத்து. நோயாளியின் உடல் நோயோடு போராடுவதில் முனைந்திருப்பதால் அந்நேரத்தில் உணவை ஏற்பதில்லை. திணித்தால் அந்தப் போராட்டமே கெட்டுவிடும் என்று இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் ‘ஸாதுல் மஆத்’ நூலில் விளக்குகிறார்கள்.

இந்த ஹதீஸோடு மற்றோர் அறிவிப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவர் நோயுற்றால், வாற்கோதுமைக் கஞ்சியாகிய தல்பீனா காய்ச்சும் சட்டி அடுப்பை விட்டு இறங்காது. அவர் குணமாகும்வரை அல்லது இறக்கும்வரை அது அடுப்பிலேயே இருக்கும் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வாயிலாக இப்னு மாஜாவில் வருகிறது. அந்தக் கஞ்சி நோயாளிக்குப் பிடிக்காத ஒன்று, ஆயினும் பயன் தருவது என்று அன்னையவர்கள் கூறியதைப் புகாரியில் காண்கிறோம்.

வற்புறுத்தல் கூடாது. அடுப்பை அணைத்துவிட்டுப் போவதும் கூடாது. இவ்விரண்டுக்கும் நடுவே இருக்கும் வழியே நோயாளியைப் பேணும் ஸுன்னத்தான வழியென்று நாம் விளங்குகிறோம். முதல் ஹதீஸை மட்டும் ஓதிவிட்டு எழுந்து போகிறவர், அதைத் தம் சோம்பலுக்குத் திரையாக்கிக்கொள்கிறார்.

மேலும், மனித நோயாளிக்கு நாவு இருக்கிறது. “இப்போது வேண்டாம், பிறகு தா” என்று அவர் சொல்வார். உடலிலும் சில நாள் தாங்கும் சேமிப்பு உண்டு. புறாக்குஞ்சுக்கு இரண்டும் இல்லை. வயிறு முதுகோடு ஒட்டிய ஓர் ஒட்டகத்தைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், பேச இயலாத இப்பிராணிகளின் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சும்படி எச்சரித்ததை அபூதாவூதில் காண்கிறோம். பேச இயலாதது என்பதையே அங்கே எடுத்துச் சொல்லியிருப்பது கவனிக்கத்தக்கது. அது சொல்ல முடியாததைக் கண்டறிவது நம் மீது விழுந்த கடமை.

மறுக்கிறதா, முடியவில்லையா?

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். குஞ்சு “மறுக்கிறது” என்கிறோம். பெரும்பாலும் அது மறுப்பல்ல.

காக்கைக் குஞ்சும் குருவிக் குஞ்சும் வாயைப் பிளந்து காட்டும். தாய் அதில் இரையைப் போடும். புறாவுக்கு அல்லாஹ் வகுத்த முறை வேறு. தாய்ப்புறா, தந்தைப்புறா இரண்டின் கழுத்தடியிலுள்ள தீனிப்பையிலும் பாலாடை போன்ற ஒன்று சுரக்கிறது. அதைப் புறாப்பால் என்பார்கள். குஞ்சு தன் அலகைப் பெற்றோரின் வாய்க்குள் நுழைத்து அதைப் பெற்றுக்கொள்கிறது. முதல் சில நாள்களுக்கு அதுவே முழு உணவு. பின்னர் ஊறிய தானியமும் சேர்கிறது. தானே தானியம் பொறுக்கித் தின்னும் பக்குவம் வர ஏறத்தாழ 4 வாரம் ஆகும். ஆகவே 2 வாரக் குஞ்சின் முன்னே கம்பைக் கொட்டிவைத்து, “தின்ன மறுக்கிறது” என்று சொல்வது, தொட்டில் குழந்தையின் முன் பிரியாணித் தட்டை வைத்து அதன் மீது குறை சொல்வதற்குச் சமம்.

இரண்டாவது காரணம் குளிர். இறகு முளைக்காத குஞ்சு தாயின் சூட்டில் வாழ்வது. உடல் சில்லிட்டுப் போனால் உள்ளே போன உணவு செரிக்காது. தீனிப்பையிலேயே தங்கிப் புளித்துவிடும். சில்லிட்ட குஞ்சுக்கு முதலில் கொடுக்க வேண்டியது சூடுதான், உணவு அதற்குப் பிறகு.

மூன்றாவது நோய். தொண்டையினுள் மஞ்சள் நிறத்தில் தயிர்க்கட்டி போல் படியும் ஒரு நோய் புறாக்களிடம் மிகுதி. தாயின் வாயிலிருந்தும், எல்லாம் சேர்ந்து குடிக்கும் தண்ணீரிலிருந்தும் அது குஞ்சுக்குத் தொற்றுகிறது. அந்தக் குஞ்சுக்குப் பசி இருக்கும், விழுங்க முடியாது. வேறொரு நோயில் கழுத்து முறுக்கிக்கொள்ளும். தானியத்தைக் குறிபார்த்துக் கொத்தினாலும் அலகு அருகில் போய் விழும். இவையெல்லாம் நம் கண்ணுக்கு ஒரே மாதிரி, “தின்னவில்லை” என்றுதான் தெரியும். அலகை மெல்லத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தால்தான் உண்மை விளங்கும். சிகிச்சை உள்ள நோய்க்குச் சிகிச்சை தேடாமல், பட்டினியால் சாகவிட்டு, “அதுவே வேண்டாமென்றது” என்று சொல்வது, வாயில்லா ஜீவன் மீது பொய்ச்சாட்சி சொல்வதாகும்.

பேணும் முறை

தெருவிலோ மாடியிலோ கிடைத்த குஞ்சு நலமாக இருந்து, அதன் கூடும் பெற்றோரும் அருகிலேயே இருந்தால், அதைக் கூட்டில் திரும்ப வைப்பதே முதல் வேலை. மனிதக் கை பட்டதென்று தாய்ப்புறா ஒதுக்கிவிடாது. குஞ்சுகளை இழந்து சிறகடித்துத் தவித்த ஒரு சிறு பறவையைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், அதன் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி உத்தரவிட்டது அபூதாவூதில் உள்ளது.

நோயுற்ற குஞ்சானால் மற்றவற்றிலிருந்து பிரித்து ஓர் அட்டைப்பெட்டியில் துணி விரித்து வையுங்கள். நோயுள்ள ஒட்டகங்களை நலமுள்ளவற்றோடு சேர்க்க வேண்டாமென்ற நபிமொழி இதற்கும் வழிகாட்டும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வைத்தால் சூடு கிடைக்கும். மறுபக்கம் சூடில்லாமல் இருக்கட்டும், வேண்டுமானால் அது நகர்ந்துகொள்ளும்.

உடல் சூடேறிய பின், இறகு முளைத்த குஞ்சுக்கு வேகவைத்து ஆறிய பச்சைப் பட்டாணியை, வெதுவெதுப்பாக, ஒவ்வொன்றாக அலகைத் திறந்து நாக்கின் பின்புறம் வைத்தால் விழுங்கிவிடும். மிகச் சிறிய குஞ்சுக்குக் கூழாகக் கரைத்து, அது தன் அலகை உள்ளே நுழைத்து உறிஞ்சும்படியான வாயகன்ற ஏதேனும் ஒன்றில் கொடுக்க வேண்டும். முன்பு கொடுத்தது தீனிப்பையிலிருந்து இறங்கிய பிறகே மறுமுறை கொடுக்க வேண்டும். பசும்பால் புறாவுக்கு ஆகாது.

தண்ணீரை வாயில் ஊற்றவே கூடாது. மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடியிலேயே இருப்பதால், ஊற்றிய நீர் மூச்சில் இறங்கி உயிரையே போக்கிவிடும். இரக்கப்பட்டு ஊற்றிய தண்ணீரால் இறந்த குஞ்சுகள் பல. கோழியைப்போல் தலையை அண்ணாந்து விழுங்காமல், அலகைத் தோய்த்து உறிஞ்சிக் குடிப்பது புறாவின் வழக்கம். எனவே சிறு கிண்ணத்தில் அலகின் நுனி மட்டும் நனையும்படி காட்டினால் போதும்.

மனிதர் மாத்திரையை உத்தேசமாக உடைத்துப் போடாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். உங்கள் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கூண்டுத் தூசியும் எச்சமும் மூச்சிழுப்பு உள்ளவர்களுக்குத் தீங்கு தரும். பிற உயிரைக் காக்கப் போய் வீட்டாருக்குத் தீங்கு தேடிக்கொள்வதையும் ஷரீஅத் ஏற்காது.

எல்லை எது?

இப்போது கேள்விக்கு விடை சொல்லலாம். பெற்றோரின் வாயிலிருந்து ஊட்டப்பட்டே வளரும்படி படைக்கப்பட்ட குஞ்சுக்கு, அந்த இயல்பை ஒட்டி நாம் ஊட்டுவது வற்புறுத்தல் ஆகாது. அது அதன் உரிமையைச் செலுத்துவதாகும். ஆனால் தீனிப்பை இறங்காமல் நிற்கும்போது மேலும் திணிப்பது, அது வாந்தியெடுக்கும்போது மீண்டும் புகட்டுவது, மூச்சுத் திணறும்போது நம் மன ஆறுதலுக்காக அலகைப் பிளப்பது ஆகியவை வற்புறுத்தல்தான். அங்கே உக்பா (ரலி) அவர்களின் ஹதீஸ் தன் முழுப் பொருளோடு வந்து நம் கையைப் பிடிக்கிறது. அப்போது சூடும் அமைதியும் அலகருகே நீரும் போதும். ஊட்டுகிற கை, குஞ்சின் தேவைக்காக நீள்கிறதா, ‘நான் காப்பாற்றினேன்’ என்ற பெயருக்காக நீள்கிறதா என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அறுப்பதைப் பற்றிய மூன்றாவது சொல்லுக்கு வருவோம். புறா உண்ண ஆகுமான பறவை, முறைப்படி அறுக்கலாம். ஆனால் உண்ணும் நோக்கமின்றி ஒரு சிட்டுக்குருவியைக் கொன்று எறிவதைக்கூடக் கேள்விக்குரிய செயலென்று நஸாயீயில் வரும் ஹதீஸ் எச்சரிக்கிறது. தொந்தரவு தீரட்டும் என்று அறுப்பதற்கு, “அதற்கும் நிம்மதி” என்று பெயர் சூட்டலாகாது. குணமாகும் வழி இருக்கும்வரை அவசரம் வேண்டாம். மருத்துவரே கைவிட்டு, வேதனையும் மிகுந்துவிட்டால், உங்கள் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் அந்நிலையைச் சொல்லிக் கேளுங்கள். எப்படியாயினும், அறுப்பிலும் நேர்த்தி வேண்டும், கத்தி கூர்மையாக இருக்க வேண்டும், பிராணிக்குத் துன்பம் நீட்டக்கூடாது என்ற நபியவர்களின் கட்டளை நினைவில் இருக்கட்டும்.

ஒரு புறாவுக்கு இத்தனையா?

“மனிதப் பிள்ளைகள் பசித்திருக்க, ஒரு புறாக்குஞ்சுக்கு இத்தனை பாடா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மனைவி மக்கள், பெற்றோர் ஆகியோரின் உரிமை முந்தியது. ஸகாத்தும் ஏழை எளியோர்க்கென அல்லாஹ் வகுத்த பங்கு. அவற்றிலிருந்து எடுத்துப் புறாவுக்குச் செலவிடச் சொல்பவர் எவருமில்லை. சக்திக்கு மீறி அல்லாஹ் எவரையும் சிரமப்படுத்துவதுமில்லை. பேண முடியாதவர், பேணக்கூடியவரிடம் ஒப்படைத்தால் பொறுப்பு நீங்கும். ஆனால் இங்கே தேவைப்படுவது ஒரு கைப்பிடி பட்டாணியும் கொஞ்சம் பொறுமையும். அதை மிச்சம் பிடித்ததால் எந்த ஏழைப் பிள்ளையின் பசியும் தீர்ந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதைக் கேட்ட ஸஹாபாக்கள், பிராணிகளிலும் நமக்குக் கூலி உண்டா என்று வியந்து கேட்டார்கள். உயிருள்ள ஒவ்வொன்றிலும் உண்டு என்ற விடையே வந்தது.

குஞ்சு பிழைக்காமலும் போகலாம். நம்மிடம் கேட்கப்படுவது பேணினோமா என்பது. பிழைக்க வைப்பது நம் கையில் இல்லை. அப்போது பிள்ளையிடம் “பறந்து போய்விட்டது” என்று பொய் சொல்லாதீர்கள். அனஸ் (ரலி) அவர்களின் சின்னஞ்சிறு தம்பி அபூ உமைர், தான் வளர்த்த சிறு பறவை இறந்து வாடியிருந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அந்தப் பறவையைப் பெயர் சொல்லி விசாரித்து அச்சிறுவனின் துக்கத்தில் பங்கு கொண்டார்கள். ஒரு பிள்ளையின் பறவைத் துக்கம் அல்லாஹ்வின் தூதருக்கே சிறிதாகத் தோன்றவில்லை. ஷாஃபிஈ இமாம்களில் ஒருவரான இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள் இந்த ஒரு ஹதீஸிலிருந்து ஏறத்தாழ 60 படிப்பினைகளை எடுத்துத் தனி ஏடே எழுதினார்கள். பிள்ளையோடு சேர்ந்து ஒரு குழி தோண்டிக் குஞ்சை மண்ணில் மூடுங்கள். நீ உன் கடமையைச் செய்தாய் என்று சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். பெற்றோரிடம் பணிவு என்னும் இறக்கையைத் தாழ்த்தும்படி இஸ்ரா அத்தியாயத்தில் அல்லாஹ் நமக்குக் கட்டளையிடுகின்றான். முதுமையில் படுக்கையில் கிடக்கும் உம்மாவோ வாப்பாவோ “சோறு வேண்டாம்” என்று முகத்தைத் திருப்பும்போது, தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிற வீடுகள் இருக்கின்றன. பல்வலியா, தொண்டைப் புண்ணா, உடன் அமர்ந்து பேச ஆளில்லாத வேதனையா என்று எவரும் கேட்பதில்லை. திணிக்க வேண்டாம், ஆனால் கஞ்சிச் சட்டி அடுப்பில் இருக்கட்டும். ஒரு குஞ்சின் அலகைத் திறந்து பார்த்துக் காரணம் தேடப் பழகிய பிள்ளை, நாளை தன் பெற்றோரின் “வேண்டாம்” என்ற சொல்லையும் அப்படியே விட்டுவிட்டுப் போகாது என்று நம்புகிறோம்.

பேசத் தெரிந்தவர், பேச இயலாதவை ஆகிய அனைத்தின் உரிமைகளையும் அறிந்து நிறைவேற்றும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.